துயரிடை மலர்ந்த நன்றி: தமிழ்ச் சமணர் வரலாற்றுச் சுவடுகள்

அருகப்பெருமானை வழிபடும் நம்மிடம் பிற சமயத்து நண்பர்கள் அன்போடு கேட்கும் வினா ஒன்று உண்டு. "உங்கள் இறைவன் எதையும் தருவதும் இல்லை, எதையும் பறிப்பதும் இல்லை என்கிறீர்கள். விருப்பும் வெறுப்பும் அற்றவர் என்றும் போற்றுகிறீர்கள். அப்படியானால் நலம் வந்தபோது யாருக்கு நன்றி சொல்வீர்கள்? துன்பம் வந்தபோது யாரை நோக்கி அழுவீர்கள்?" என்பதே அவ்வினா. நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது இதனைக் கேட்கத் தொடங்கியுள்ளனர். ஒரு தாயோ தந்தையோ மறைந்த வீட்டில், ஈமக்கடன்கள் முடிந்து உறவினர் கலைந்து சென்ற பின், இவ்வினா இன்னும் கூர்மையாக எழுகின்றது.

சாத்திரத்திலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டி இதற்கு விடை கூறிவிடலாம். ஆயினும் துயருற்ற நெஞ்சிற்கு அவ்விடை எளிதில் எட்டுவதில்லை. எனவே நம் முன்னோர் தம் துயரக் காலங்களில் எவ்வாறு நடந்துகொண்டனர், நன்றியை எவ்வடிவில் வெளிப்படுத்தினர் என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிருவாண நாளின் விளக்கு

நம் சமய வரலாற்றின் பெருந்துயரிலிருந்தே தொடங்குவோம். கி.மு. 527இல், பாவாபுரியில், தம் 72ஆம் அகவையில் வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்தினார். ஐப்பசித் திங்கள் அமாவாசையை ஒட்டிய வைகறைப் பொழுது அது. முப்பது ஆண்டுகள் அறவுரை கேட்ட செவிகளுக்கு இனி அக்குரல் இல்லை. முனிவரும் இல்லறத்தாரும் அரசரும் ஒருங்கே தம் ஆசிரியரை இழந்தனர்.

அந்த இருளில் அவர்கள் என்ன செய்தனர்? விளக்கேற்றினர். மல்லர் ஒன்பதின்மர், லிச்சவியர் ஒன்பதின்மர் ஆகப் பதினெட்டு அரசர்கள், ஞான ஒளி மறைந்தமையால் பொருள் ஒளியையேனும் ஏற்றுவோம் என்று கருதி விளக்கு வைத்தனர் எனச் சுவேதாம்பர மரபின் கல்பசூத்திரம் உரைக்கின்றது. திகம்பர மரபில் ஜினசேனாசாரியர் கி.பி. 783இல் இயற்றிய அரிவம்ச புராணமும், பாவாபுரி விளக்கொளியால் பொலிந்ததையும், அன்று முதல் மக்கள் ஆண்டுதோறும் பக்தியோடு விளக்கேற்றி வழிபட்டு வருவதையும் கூறுகின்றது. இரு பிரிவினரும் பல செய்திகளில் வேறுபடினும், இந்த விளக்கில் ஒன்றுபடுகின்றனர்.

மகாவீரரின் தலைமாணாக்கர் இந்திரபூதி கௌதமர் என்பதை நாம் அறிவோம். ஆசிரியரின் பிரிவால் அவர் உள்ளம் கலங்கியது என்றும், அக்கலக்கத்தின் நடுவே தம் பற்றின் இயல்பை உணர்ந்து அதனை விட்டார் என்றும் ஒரு மரபுக் கதை வழங்குகின்றது. ஆசிரியர் வீடுபேறு எய்திய அந்நாளிலேயே கௌதமர் கேவலஞானம் பெற்றார் என்பது நம் மரபு. ஆசிரியர் மறைந்த நாளும் மாணவர் ஞானம் பெற்ற நாளும் ஒன்றாக அமைந்ததை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். கௌதமர் அழுததைக் குற்றம் என்று எவரும் கூறவில்லை. அழுகையோடு நின்றுவிடாமல், ஆசிரியர் கற்பித்ததைத் தம்மிடம் நிறைவு செய்துகொண்டார். ஆசிரியருக்குச் செலுத்தத்தக்க நன்றி இதனினும் பெரிது வேறில்லை.

எனவே, தீபாவளி வைகறையில் நம் வீடுகளில் ஏற்றும் விளக்கு வெற்றுக் கொண்டாட்டம் அன்று. ஓர் இழப்பை நன்றியாக மாற்றிய நாளின் நினைவு அது.

பஞ்சத்தில் உண்ட சோறு

வடநாட்டுப் பாவாபுரியிலிருந்து நம் தமிழகத்திற்கு வருவோம். நாலடியார் தோன்றிய வரலாறு பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. தம் நாட்டில் பஞ்சம் வந்தமையால் எண்ணாயிரம் சமண முனிவர்கள் பாண்டிய நாட்டை அடைந்தனர். பாண்டியன் அவர்களை ஆதரித்தான். பஞ்சம் நீங்கியதும் அவர்கள் தம் நாட்டிற்குத் திரும்ப விரும்பினர். கற்றோரைப் பிரிய மனமில்லாத மன்னன் விடைகொடுக்கவில்லை. ஓர் இரவில் முனிவர் ஒவ்வொருவரும் ஒரு வெண்பா எழுதித் தம் இருக்கையின் கீழ் வைத்துவிட்டுச் சென்றனர். சினந்த மன்னன் அவ்வேடுகளை வையையில் எறியச் செய்தான். அவற்றுள் நானூறு ஏடுகள் வெள்ளத்தை எதிர்த்து வந்தன என்பது செவிவழிச் செய்தி.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் ஏடுகள் எதிரேறிய வியப்பையே பெரிதாகப் பேசுவர். நான் கருதுவது வேறு. பசியோடு வந்தவர்கள் அம்முனிவர்கள். அவர்களிடம் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. உணவளித்த நாட்டிற்கு அவர்கள் கொடுக்கக் கூடியது தாம் கற்ற அறம் ஒன்றே. அதனையே ஆளுக்கு ஒரு பாட்டாக வைத்துச் சென்றனர். அம்மன்னனைப் புகழ்ந்து பாடிய பாடல்களாக அவை அமையவில்லை. செல்வம் நிலையாது, இளமை நிலையாது, யாக்கை நிலையாது என்று எல்லார்க்கும் பயன்படும் அறமாக அமைந்தன. ஒருவரிடம் பெற்ற உதவிக்கு உலகத்திற்கே கைம்மாறு செய்யும் வழி இது. பஞ்சத்தில் உண்ட சோறு நானூறு வெண்பாக்களாகத் தமிழுக்குத் திரும்பி வந்தது என்று கொள்வதில் தவறில்லை.

இறக்கும் நாயின் செவியில்

காப்பியத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சுட்டுவது இங்குப் பொருந்தும். திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணி துயரத்தில் தொடங்கும் காப்பியம். சச்சந்தன் தன் அமைச்சன் கட்டியங்காரனால் கொல்லப்படுகிறான். கருவுற்ற விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சென்று சுடுகாட்டில் மகனை ஈன்றெடுக்கிறாள். பிறந்த குழந்தையைக் கந்துக்கடன் என்னும் வணிகன் எடுத்து வளர்க்க, தாயோ தவப்பள்ளியில் நோன்பிருந்து நாள் கழிக்கிறாள்.

அவ்வாறு வளர்ந்த சீவகன் வாழ்வில், குணமாலையார் இலம்பகத்தில், ஒரு சிறு நிகழ்ச்சி வருகின்றது. நகர மாந்தர் நீராடி மகிழும் விழா நாள். உணவைத் தீண்டியதென்று சினந்தோர் அடித்ததனால் ஒரு நாய் உயிர் பிரியும் நிலையில் கிடக்கின்றது. சீவகனால் அதன் உயிரைக் காக்க இயலவில்லை. அதன் அருகில் அமர்ந்து, செவியில் ஐந்து பதங்கள் கொண்ட நமோகார மந்திரத்தை ஓதுகிறான். நாய் அமைதியாக உயிர் விட்டுச் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கின்றது. பிறந்த உடனே தனக்கு நலம் செய்தவன் யார் என்று உணர்ந்து, சீவகனிடம் வந்து நன்றி தெரிவிக்கின்றது. பின்னர்க் கட்டியங்காரனின் ஆட்களால் சீவகனுக்கு உயிர் இடர் நேர்ந்தபோது அத்தேவனே வந்து மீட்டுச் சங்கவெண்மலைக்கு அழைத்துச் செல்கிறான். நஞ்சு தீர்ப்பது முதலான மூன்று மந்திரங்களையும் உபதேசிக்கிறான்.

இந்நிகழ்ச்சியில் மூன்று உண்மைகள் பொதிந்துள்ளன. முதலாவது, சமய நம்பிக்கை சாவைத் தடுக்கும் என்று தேவர் பாடவில்லை. நாய் இறந்தே போகின்றது. இரண்டாவது, மாற்ற இயலாத துயரின்போதும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அருகில் அமர்தலும் நல்ல சொல்லைச் செவியில் இடுதலும் அது. இன்றும் நம் இல்லங்களில் இறுதி மூச்சு விடுவோர் செவியில் அம்மந்திரத்தை ஓதுகின்றோம். மூன்றாவது, நன்றி என்பது உயர்ந்தோர்க்கே உரிய குணம் அன்று. எல்லா உயிர்க்கும் அது இயல்பு. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதே அவற்றின் இயற்கை என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி கூறிய கருத்துக்கு இந்த நாயின் கதையே தக்க உரை.

கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடையும் இங்கேயே கிடைக்கின்றது. அருகன் நமக்குப் பொருள் கொடுக்கவில்லை. வழியைக் காட்டினார். அவ்வழியில் நமக்கு உதவிய உயிர்கள் எண்ணற்றவை. நம் நன்றி வழி காட்டியவர்பால் வழிபாடாகவும், உடன் வரும் உயிர்கள்பால் உதவியாகவும் செல்கின்றது.

கல்லில் நிற்கும் பெயர்கள்

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றை நம்மவருள் பலர் கண்டு வணங்கியிருப்பர். ஒரு பெரும்பாறையில் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்களும் இரு வரிசையாகச் செதுக்கப்பெற்ற புனித இடம் அது. அக்குன்றில் இரு நிசீதிகைக் கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியருடையது. மற்றொன்று 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரருடையது. முன்னது தமிழ் எழுத்து வரலாற்றிலும் சிறந்த இடம் பெற்றது.

இக்கல்வெட்டுகளில் புலம்பல் இல்லை. ஆசிரியரை இழந்த மாணவர்க்குத் துயரம் இல்லாமலா இருந்திருக்கும்? ஆயினும் அவர்கள் கல்லில் பொறித்தது பெயரையும் நோன்பு நாளின் எண்ணிக்கையையும் மட்டுமே. எத்தனை நாள் உறுதியோடு நின்றார் என்பதே உலகம் அறியத் தக்கது என்று அவர்கள் கருதினர். ஒருவர் எவ்வாறு மறைந்தார் என்பதைக் காட்டிலும் எதனைக் கடைப்பிடித்தார் என்பதை நினைவில் நிறுத்துவதே நன்றியுள்ள நினைவு.

தெற்கே கழுகுமலைக்குச் சென்றால் இதனைப் பெருங்காட்சியாகக் காணலாம். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளை ஒட்டி அங்குப் பாறைச் சுவரில் வரிசை வரிசையாகத் திருமேனிகள் செதுக்கப்பெற்றன. பலவற்றின் கீழும் குறுங்கல்வெட்டுகள் உள்ளன. செதுக்குவித்தோர் பெயர், ஊர், ஆசிரியர் பெயர் ஆகியவற்றை அவை கூறுகின்றன. தம் பொருட்டன்றி, மற்றொருவர் பொருட்டுச் செய்வித்த திருமேனிகளும் அவற்றுள் உண்டு. செய்வித்தோருள் குரவர்களும் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்தம் மாணாக்கர்களும் உள்ளனர். தச்சர், குயவர் போன்ற உழைப்பாளர் பெயர்களையும் அங்குக் காண்கின்றோம். அன்புக்குரியோரை நினைந்து செய்யும் நற்செயலை, ஊரார் அனைவரும் வணங்கத்தக்க திருமேனியாக வைத்த பண்பு எண்ணி மகிழத்தக்கது.

செஞ்சிச் சீமையின் துயரம்

இனி, நம் குலத்தின் மீது விழுந்த பெருங்கொடுமைக்கு வருவோம். தொண்டை மண்டலத்துச் சமணக் குடும்பங்களில் தாத்தா பாட்டியர் சொல்லி வந்த செய்தி இது. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் இது பதிவாகியுள்ளது. நிகழ்ச்சியின் ஆண்டை 1478 எனக் குறிப்பர். ஆட்சியாளன் பெயரை வெங்கடபதி என்றும், துமால கிருஷ்ணப்ப நாயக்கன் என்றும் இருவிதமாக வழங்குவர்.

செஞ்சியை ஆண்ட அவன் உயர்குடிகளிடம் பெண் கேட்டான். சமணர் தன்னை இழிவுபடுத்தியதாகச் சினந்து, அவர்களைக் கொல்லுமாறு ஆணையிட்டான். பலர் உயிரிழந்தனர். சிலர் ஊரை விட்டு ஓடினர். சிலர் மறைவாகத் தம் நெறியைக் காத்தனர். சிலர் திருநீறு பூசிச் சைவராயினர். நீர்பூசி நயினார் என்ற பெயர் இவ்வாறு தோன்றியதே என்பர்.

அக்காலத்தில் திண்டிவனத்தை அடுத்த வேலூர் என்னும் சிற்றூரில், நீர்நிலை அருகே ஒருவர் பொழுது சாய்வதற்கு முன் துணியால் நீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். நீரை வடிகட்டுவது சமணர் ஒழுக்கம் என்று ஊரறியும். கண்டவர்கள் அவரைப் பிடித்துச் சென்றனர். சாவு உறுதி என்றிருந்த வேளையில் ஆட்சியாளனுக்கு ஒரு குழந்தை பிறந்தது. அம்மகிழ்ச்சியில் அவன் அவரை விடுவித்தான். உயிர் பிழைத்த அவர் துறவு பூண்டு சிரவணபெளகுளம் சென்று சாத்திரங்களைக் கற்றார். அவரே வீரசேனாசாரியர்.

அதே காலத்தில் தாயனூரைச் சேர்ந்த கங்கைய உடையார் என்பவர் தப்பியோடி உடையார்பாளையத்துத் தலைவரிடம் அடைக்கலம் புகுந்தார். அத்தலைவர் அவரைக் காத்து நிலமும் அளித்தார். அச்சம் நீங்கிய கங்கைய உடையார், தாம் பிழைத்தது போதும் என்று அங்கேயே இருந்துவிடவில்லை. சிரவணபெளகுளம் சென்று வீரசேனாசாரியரை அழைத்துக்கொண்டு செஞ்சிச் சீமை முழுவதும் ஊர் ஊராகச் சென்றார். நெறி மாறியவர்களை மீண்டும் அழைத்தார். களைந்த பூணூலை அவர்கள் மறுபடியும் அணிந்தனர். தாயனூர்க் குடும்பத்தாருக்கு விழாக்களில் முதல் தாம்பூலம் அளித்துச் சிறப்பிக்கும் வழக்கம் இந்த உதவியின் நினைவாக ஏற்பட்டதே என அவ்விவரச்சுவடி குறிப்பிடுகின்றது.

அன்பர்களே, இந்த வரலாற்றை நாம் எவ்வாறு நினைவில் கொண்டுள்ளோம் என்பதே இங்குக் கருதத்தக்கது. கொடுமை செய்தவன் பெயர் கூட நம்மிடம் தெளிவாக நிற்கவில்லை. இருவிதமாகச் சொல்லுகிறோம். உதவி செய்தவர் பெயர் தெளிவாக நிற்கின்றது. கொடுமையை நினைந்து ஆண்டுதோறும் பழி கூறும் சடங்கு எதனையும் நம் முன்னோர் ஏற்படுத்தவில்லை. உதவியை நினைந்து வெற்றிலை பாக்கு அளிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். ஒரு சிறு சமுதாயம் தன் பெருந்துயரை இவ்வாறு நினைவுகூர்ந்தது எனின், அதன் பின்னே நம் சமயம் ஊட்டிய பொறுமை நிற்கின்றது.

இந்த வரலாற்றில் நாம் நன்றி கூறத்தக்கவர் இருவர் மட்டும் அல்லர். அடைக்கலம் கொடுத்த உடையார்பாளையத்துத் தலைவர் நம் சமயத்தவர் அல்லர். ஓர் உயிர் தப்பக் காரணமான குழந்தையோ பகைவன் வீட்டில் பிறந்தது. உயிர் காக்க நம்மவர் பூசிக்கொண்ட திருநீறு அண்டை வீட்டாரின் சமயச் சின்னம். நீறு பூசியவர்களைக் கோழைகள் என்று இகழ்வது பொருந்தாது. அவர்கள் உயிரோடு இருந்தமையால்தான் வீரசேனாசாரியர் திரும்பி வந்தபோது அழைப்பதற்கு ஆட்கள் இருந்தனர்.

இன்னொன்றையும் எண்ணுக. அப்பெரியவரைக் காட்டிக் கொடுத்தது வடிகட்டிய நீர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் துன்புறலாகாது என்னும் அந்தச் சிறு ஒழுக்கத்தை, தம் உயிருக்கே இடர் சூழ்ந்த காலத்திலும் அவர் விடவில்லை. அவ்வொழுக்கத்தின் உறுதியே பின்னர் ஒரு சமுதாயத்தை மீட்டது.

ஓலையும் அச்சும்

நம் மரபில் தானம் நான்கு வகைப்படும். உணவு, அபயம், மருந்து, சாத்திரம் என்பன அவை. இறந்தோர் நினைவாகவும் நோன்பு நிறைவின்போதும் நூல்களைப் படி எடுத்து ஆலயங்களுக்கும் முனிவர்களுக்கும் கற்றோர்க்கும் அளிக்கும் சாத்திர தானம் சமணரிடையே நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. ஓலை சில தலைமுறைகளில் செல்லரித்துவிடும். மீண்டும் மீண்டும் படி எடுக்கும் கைகள் இல்லையேல் நூல் அழிந்துவிடும். அரசரின் ஆதரவு போய், எண்ணிக்கை குறைந்து, ஊர்கள் சுருங்கிய நூற்றாண்டுகளிலும் நம் முன்னோர் ஏடுகளைக் கைவிடவில்லை.

அதன் பயனைத் தமிழுலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். சமண சமயக் கருத்துகள் அவருக்குப் புதியன. அவ்வூரில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று ஐயங்களைத் தெளிந்தார். அங்கு ஒரு சமணர் வீட்டு வாயிலில் தோரணமும் கோலமும் கண்டு காரணம் வினவியபோது, சிந்தாமணி படித்து அன்று நிறைவு செய்ததாக அவர்கள் கூறியதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் ஐயர் வியப்போடு எழுதியுள்ளார். கற்றறிந்த புலவர் பலரும் மறந்திருந்த ஒரு காப்பியத்தை, இல்லறத்தார் சிலர் தம் வீட்டுத் திண்ணையில் விழாவாக ஓதிக் காத்திருந்தனர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அதனைத் தொடர்ந்தே பிற பழந்தமிழ் நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஐயரின் பதிப்புகளாக வெளிவந்தன.

நம் வீட்டுப் பெரியோர் அவருக்கு மனமுவந்து பாடம் சொன்னதையும், வேறு சமயத்தவரான அவர் நம் நூலைத் தம் உயிர்போல் போற்றிப் பதிப்பித்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இங்கு உதவி பெற்றவர் யார், செய்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல இயலாது. இருவரும் ஒருவர்க்கொருவர் கடன்பட்டவர்.

துயருற்ற இல்லங்களுக்கு

இதுவரை கண்ட சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு பொதுமை புலப்படும். துயரம் வந்தபோது நம் முன்னோர்க்கு உதவி நால்வகைத் தானங்களின் வடிவிலேயே வந்தது. பாண்டியனிடம் உணவு கிடைத்தது. உடையார்பாளையத்தில் அபயம் கிடைத்தது. சீவகனுக்குச் சுதஞ்சணன் நஞ்சு தீர்க்கும் மருந்தாகிய மந்திரம் அளித்தான். சிரவணபெளகுளத்தில் வீரசேனாசாரியருக்குச் சாத்திரம் கிடைத்தது. அவர்கள் செலுத்திய நன்றியும் அவ்வாறே தானமாக மற்றவரைச் சென்றடைந்தது. நன்றி என்பது சொல்லோடு முடியும் கடன் அன்று. பெற்ற தானத்தை அடுத்தவர்க்குக் கொண்டு சேர்ப்பதே அது.

இவ்விடத்தில் ஒரு கருத்தைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். துக்கம் விசாரிக்கச் செல்லும் நம்மவர் சிலர், "எல்லாம் வினைப்பயன்" என்று கூறிவிட்டு எழுவர். வினைக்கோட்பாடு உண்மையே. ஆயினும், மகனை இழந்த தாயிடம் அதனைச் சொல்லும்போது அது பழிச்சொல்லாகவே விழும். வினைக்கோட்பாடு ஒருவர் தம்மைத் தாமே ஆற்றிக்கொள்ளவும், பிறர்மீது பகை கொள்ளாதிருக்கவும் அமைந்த மருந்து. பிறரைச் சுட்டிக் காட்டும் கோல் அன்று. சீவகன் அந்த நாயிடம் அதன் பழவினையை எடுத்துரைக்கவில்லை. மந்திரத்தை மட்டுமே ஓதினான். நாமும் அவ்வாறே செய்வோமாக.

பன்னிரு அநுப்பிரேட்சைகளை நாம் ஓதுகின்றோம். அவற்றுள் முதலாவது நிலையாமை. துக்க வீட்டில் அனைவரும் அதனையே எடுத்துரைப்பர். போதி துர்லபம் என்ற ஒன்றும் அப்பன்னிரண்டில் உண்டு. மனிதப் பிறவியும் நல்லறிவும் கிடைத்தற்கரியன என்று எண்ணுவது அது. பிரிந்து சென்றவர் நம்மோடு வாழ்ந்த காலமும் அவ்வாறு கிடைத்தற்கரிய ஒன்றே. நிலையாமையை எண்ணும் நெஞ்சு வெறுமையில் நின்றுவிடக்கூடும். கிடைத்ததன் அருமையையும் சேர்த்து எண்ணினால் அங்கே நன்றி பிறக்கும். இரண்டையும் ஒருசேர வைத்த நம் ஆசிரியர்களின் அருளை என்னென்பது!

நம் கடமை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் இதில் அடங்குவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம் இன்னும் சிறிய தொகையினர். பிள்ளைகள் படிப்பிற்காகவும் பணிக்காகவும் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். நம் சிற்றூர்கள் பலவற்றில் ஜினாலயம் இருக்கின்றது, மாலையில் விளக்கேற்ற முதியோர் ஒருவர் இருவரே உள்ளனர். இந்நிலையை எண்ணிக் கவலை கொள்வது இயல்பு. ஆயினும் செஞ்சிச் சீமையில் ஒருவரும் இருவருமாக எஞ்சியிருந்தோரிடமிருந்தே நாம் வந்தோம் என்பதை மறத்தலாகாது.

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, அடுத்த முறை விழாவில் முதல் தாம்பூலம் வழங்கப்பெறும்போது, அருகில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கங்கைய உடையார் வரலாற்றைச் சொல்லுங்கள். காரணம் தெரியாத மரியாதை சில ஆண்டுகளில் வெற்றுச் சடங்காகிவிடும். இரண்டு, மறைந்த பெற்றோர் நினைவாக உணவளிப்பதோடு சாத்திர தானமும் செய்யுங்கள். நம் நூல் ஒன்றினை வாங்கி ஊர்ப் பள்ளிக்கோ நூலகத்திற்கோ அளிப்பதும் சாத்திர தானமே. வீட்டுப் பரணில் ஓலைச்சுவடிகள் இருப்பின், அவற்றை அறிந்தோரிடம் காட்டிப் பாதுகாக்க ஏற்பாடு செய்யுங்கள். மூன்று, உங்கள் குடும்பத்தின் இடர்க்காலத்தில் உதவியோர் பெயர்களை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், எந்தச் சாதியினராயினும் எழுதுங்கள். அந்த ஏட்டினை ஆண்டிற்கு ஒருமுறை, தீபாவளி வைகறையில் நிருவாண விளக்கின் முன் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள்.

இவ்வாண்டு தம் அன்பிற்குரியோரை இழந்து இவ்விழாவிற்கு வந்திருக்கும் இல்லத்தார்க்கு ஆறுதல் உண்டாகுக. அவர்தம் கண்ணீரினூடே நன்றியும் மலர்வதாக. அருகன் திருவடி வாழ்க! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!